சிகாகோ, 7 அக்டோபர் 2007: பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு மாரத்தான்

நிகழ்வு ஆய்வு

பின்னணி

42.2 கிலோமீட்டர் தூர ஓட்டமான சிகாகோ மாரத்தான் 1977இல் தொடங்கியது. மிச்சிகன் ஏரியை ஒட்டிய நகரம். மேடு பள்ளம் அதிகமில்லாத, ஏறத்தாழ சமதளப் பாதை. அக்டோபர் முதல் பாதியில் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் நடக்கும். அந்த நாள்களில் அங்கே பகல் உச்ச வெப்பநிலை வழக்கமாக 18, 19 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். காலையில் இன்னும் குளிராக இருக்கும். ஏற்றமில்லாத பாதை, குளிர்ந்த காலை: தன் சொந்த நேரத்தை உடைக்க நினைக்கிற ஓட்டக்காரர் தேடுகிற இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. 1999இல் ஆண்களின் உலகச் சாதனையும் (2:05:42) 2002இல் பெண்களின் உலகச் சாதனையும் (2:17:18) இங்கேதான் பதிவாகின.

2007இல் 45,000 பேர் பதிவு செய்திருந்தார்கள். இவர்களில் பரிசுக்காக ஓடுகிறவர்கள் கைவிரல் மடக்கி எண்ணும் அளவுதான். மற்றவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டே நான்கு, ஐந்து மாதம் பயிற்சி எடுத்தவர்கள். பலருக்கு அது முதல் மாரத்தான். விமான டிக்கெட், ஹோட்டல் அறை, விடுப்பு எல்லாம் முன்கூட்டியே முடிவானவை. எந்த பேஸில், அதாவது கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற வேகத்தில், ஓடுவது என்பதும் அப்படியே, குளிர்ந்த காலையைக் கணக்கில் வைத்து முன்பே முடிவாகிவிட்டது.

முந்தைய ஆண்டு, 2006இல், 5 டிகிரியை ஒட்டிய குளிர், தூறல், காற்று. அந்த ஆண்டு பெண்கள் பிரிவில் வென்ற எத்தியோப்பிய வீராங்கனையின் நேரம் 2:20:42. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஓட்டத்துக்கு முந்தைய நாள்கள்

வெப்பம் திடீரென்று வரவில்லை. சில நாள் முன்பே வானிலை முன்னறிவிப்பு சொல்லிவிட்டது: ஞாயிறன்று வெயிலும் இருக்கும், புழுக்கமும் இருக்கும். அமைப்பாளர்கள் எச்சரிக்கை விடுத்தார்கள்: வேகத்தைக் குறையுங்கள், நேரத்தை மறந்துவிடுங்கள், உடம்பு சரியில்லாதவர்கள் வர வேண்டாம். தொடங்கும் நேரம் காலை 8 மணி என்பது மாறவில்லை. பாதையில் 15 இடங்களில் தண்ணீர் தரும் ஏற்பாடும் அப்படியே இருந்தது.

வேறு என்ன செய்திருக்கலாம் என்று இன்று உட்கார்ந்து பேசுவது சுலபம். ஒரு பெருநகரத்தின் சாலைகளை அடைப்பது, போலீஸ், ஆம்புலன்ஸ், ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் எல்லாம் ஒரு நேரத்தை வைத்துக் கோக்கப்பட்டவை. மூன்று நாளில் எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் முன்னால் நகர்த்துவது ஏறக்குறைய நடக்காத காரியம். ரத்து செய்வதோ, அதுவரை யாருக்கும் பழக்கமில்லாத முடிவு. ஆக, எஞ்சிய ஒரே வழி எச்சரிப்பது.

எச்சரிக்கையில் ஒரு குறை இருந்தது. ‘மெதுவாக ஓடுங்கள்’ என்றால் எவ்வளவு மெதுவாக? எத்தனை டிகிரிக்கு என்ன செய்வது, எந்த அளவைத் தாண்டினால் ஓட்டம் நின்றுவிடும் என்று ஓட்டக்காரர் முன்கூட்டியே அறிந்திருக்கும்படி ஒரு படிநிலை இல்லை. ஐந்து மாத உழைப்பை மனதில் வைத்திருப்பவர் ‘கொஞ்சம் மெதுவாக’ என்பதைக் கிலோமீட்டருக்கு ஐந்து வினாடி என்று எடுத்துக்கொள்வார்.

பதிவு செய்தவர்களில் சுமார் 36,000 பேர்தான் தொடக்கக் கோட்டுக்கு வந்தார்கள். எந்தப் பெரிய மாரத்தானிலும் காயம், வேலை என்று ஒரு பகுதியினர் வராமல் போவார்கள். அன்று வெயிலுக்குப் பயந்து விலகியவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தார்கள்.

காலை 8 மணி

தொடங்கும்போது சுமார் 22, 23 டிகிரி, ஈரப்பதம் மிக அதிகம். சென்னையிலிருந்து இதைப் படிப்பவருக்கு ‘இதென்ன பெரிய வெயிலா, நம் ஊர் ஜனவரி விடியற்காலை மாதிரிதானே’ என்று தோன்றும். தோன்றுவது இயல்பு. ஆனால் சென்னையில் மாரத்தான் ஓடுகிறவர்கள் இருட்டிலேயே கிளம்புகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் பாதித் தூரத்துக்கு மேல் முடித்துவிடுகிறார்கள். ஆண்டு முழுக்கப் புழுக்கத்தில் பயிற்சி எடுத்த உடம்பு அது. சிகாகோவில் சூரியன் உதித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஓட்டமே தொடங்கியது.

வெப்பத்துக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். பழகிய உடம்பில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே வரத் தொடங்கும், அதில் உப்பு குறைவாக இருக்கும். குளிர்ந்த இடத்தில் இரண்டு, மூன்று வாரம் இருந்தால் இந்தப் பலன் பெரும்பாலும் கரைந்துவிடும். ஓட்டத்துக்கு முந்தைய மூன்று வாரம் பயிற்சியைக் குறைத்துக்கொள்வதும் மாரத்தான் வழக்கம். கோடையில் வியர்க்க விறுவிறுக்க ஓடியவர்கள்கூட அக்டோபர் முதல் வாரத்துக்குள் அந்தப் பாதுகாப்பில் கணிசமான பகுதியை இழந்திருக்கக் கூடும்.

8 மணி முதல் 11.30 வரை: ஒரே பாதை, இரண்டு வானிலை

முன்னணி ஆண்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். காலநிலை சரியில்லை என்றால் சாதனை நேரத்தை விட்டுவிட்டு இடத்துக்காக ஓடுவது தொழில்முறை வீரர்களின் வழக்கம். கடைசியில் கென்ய வீரரும் மொராக்கோ வீரரும் ஒரே நேரத்தில், 2:11:11இல், கோட்டைக் கடந்தார்கள். இருவருக்கும் இடைவெளி 0.05 வினாடி. முந்தைய ஆண்டின் வெற்றி நேரம் 2:07:35.

பெண்கள் பிரிவில் 2006இல் வென்ற அதே எத்தியோப்பிய வீராங்கனையே மீண்டும் வென்றார். நேரம் 2:33:49. அதே நகரம், அதே வீராங்கனை, ஒரே ஆண்டு இடைவெளி. 13 நிமிடம் 7 வினாடி கூடுதல். அதிலும் கடைசிச் சில நூறு மீட்டரில்தான் முன்னால் ஓடிக்கொண்டிருந்த ருமேனிய வீராங்கனையைப் பிடித்தார். முன்னால் இருந்தவர் வெற்றி உறுதி என்று நினைத்துக் கூட்டத்துக்குக் கை காட்டியபடி வந்துகொண்டிருந்தார். மூன்று வினாடியில் போயிற்று. உடல்நிலை, போட்டியின் போக்கு போன்ற காரணங்களுக்கும் இந்த 13 நிமிடத்தில் பங்கு உண்டு. ஆனால் பெரும்பங்கு வானிலைக்கே என்பது என் கருத்து.

இவர்கள் எல்லோரும் 10.35க்குள் ஓட்டத்தை முடித்துவிட்டார்கள். ஐந்து மணி நேர ஓட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். கூட்டத்தில் பின்னால் நின்றவர் தொடக்கக் கோட்டைத் தொடவே வெகுநேரம் ஆகும். பிறகு ஐந்து மணி நேரம். அவர் முடிக்கும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். அன்று வெப்பம் 31 டிகிரி வரை ஏறியது. அதுவரை அந்த மாரத்தான் கண்டதிலேயே அதிகம். முன்னால் ஓடியவர் பார்த்த வானிலை வேறு, இவர் பார்த்தது வேறு.

பாதையும் கைகொடுக்கவில்லை. முதல் பாதி நகர மையத்தின் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் வடக்கே மரங்கள் நிறைந்த பகுதிகளிலும் போகிறது, நிழல் உண்டு. இரண்டாம் பாதி மேற்கே திரும்பி, பில்சன், சைனாடவுன் வழியாகத் தெற்கே இறங்கி, மிச்சிகன் அவென்யூவில் மீண்டும் வடக்கு நோக்கி வருகிறது. அங்கே நிழல் குறைவு, அகலமான தார்ச்சாலை. மெதுவாக ஓடுகிறவர்கள் அந்தப் பகுதிக்கு வந்து சேரும் நேரமும் உச்சி வெயிலும் ஒன்றாக அமைந்தன.

தண்ணீர்

அன்றைய நிகழ்வில் அதிகம் சர்ச்சையானது இதுதான். ஆரம்ப நிலையங்கள் சிலவற்றில் தண்ணீர் இல்லை, வெறும் மேசைதான் இருந்தது என்றார்கள் ஓட்டக்காரர்கள். தண்ணீர் போதுமான அளவு இருந்தது, எதிர்பார்த்ததைவிட அதிகமாக எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார்கள் என்றார்கள் அமைப்பாளர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 36,000 பேர் ஒவ்வொரு நிலையத்திலும் தலையில் ஊற்ற ஒரே ஒரு கப் கூடுதலாக எடுத்தால், 15 நிலையங்களில் 5 லட்சத்து 40 ஆயிரம் கப். அது பீப்பாயில் இருந்தால் போதாது. யாராவது கப்பில் ஊற்றி மேசையில் அடுக்கியிருக்க வேண்டும். கூட்டம் மொத்தமாக வந்து சேரும் ஆரம்ப நிலையங்களில் ஊற்றும் கைகள் வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் போனால், பின்னால் வருகிறவருக்குத் தெரிவது வெறும் மேசைதான்.

அதைப் பார்த்தவர் அடுத்த நிலையத்தில் இரண்டு கப்புக்குப் பதில் நான்கு எடுப்பார். பற்றாக்குறை இப்படித்தான் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் பரவுகிறது.

தெருவோரம் குடியிருந்தவர்கள் தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து தண்ணீர் பீய்ச்சினார்கள். சிலர் கடையில் பாட்டில் வாங்கிக் கொடுத்தார்கள். தீயணைப்புக் குழாய்களும் திறக்கப்பட்டன. குளிரூட்டிய பேருந்துகள் வந்தன.

நிறுத்தும் முடிவு

ஓட்டம் தொடங்கி சுமார் மூன்றரை மணி நேரத்தில், 11.30 வாக்கில், அமைப்பாளர்கள் ஓட்டத்தை நிறுத்தினார்கள். காரணம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது: விழுகிறவர்களின் எண்ணிக்கைக்கு மருத்துவக் குழுக்களால் ஈடுகொடுக்க முடியாமல் போகும் என்ற அச்சம்.

பாதித் தூரத்தை எட்டாதவர்கள் ஓட்டம் தொடங்கி முடியும் இடமான கிராண்ட் பார்க்குக்குத் திருப்பி விடப்பட்டார்கள். அதைத் தாண்டியவர்களிடம் ‘இனி ஓடாதீர்கள், நடங்கள்’ என்று சொல்லப்பட்டது. போலீஸார் ஒலிபெருக்கியில் கத்தினார்கள், தலைக்கு மேல் ஹெலிகாப்டர் சுற்றியது. நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த பலருக்குக் கோபம். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே, என்னை ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு. கேட்காமல் ஓடிக்கொண்டே இருந்தவர்களும் உண்டு.

அந்தக் கோபம் நியாயமானதுதான், ஆனாலும் நிறுத்தியது சரியான முடிவு. ஒருவர் நன்றாக இருக்கிறாரா என்பது அங்கே கேள்வியே இல்லை. அடுத்து விழப்போகிறவருக்கு ஆம்புலன்ஸ் இருக்கிறதா என்பதே கேள்வி. வெப்பத் தாக்கில் உடலின் உள்வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போய், பேச்சு குழறி, நினைவு தடுமாறும். அரை மணி நேரத்துக்குள் பனிக்கட்டித் தண்ணீரில் உடலை மூழ்கவைத்துக் குளிர்வித்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். முதலில் குளிர்விப்பது, அப்புறம் மருத்துவமனைக்கு அனுப்புவது என்பதே விளையாட்டு மருத்துவத்தின் நடைமுறை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் விழுந்தால் அந்த அரை மணி நேரம் யாருக்கும் கிடைக்காது.

விளைவு

தொடங்கிய சுமார் 36,000 பேரில் முடித்தவர்கள் சுமார் 25,000. அதாவது 30 சதவீதம் பேர் முடிக்கவில்லை. நூற்றுக்கணக்கானோருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஓட்டக்காரர் ஒருவர் பாதையிலேயே சரிந்து இறந்தார். பிரேதப் பரிசோதனை இதய வால்வுக் கோளாறைக் காரணமாகக் காட்டியது, வெப்பத்தை அல்ல. அந்த மரணத்தை இன்றும் சிலர் வெயில் கணக்கில் எழுதுகிறார்கள். அது சரியல்ல.

உடலில் நடந்தது என்ன

ஓடும்போது தசைகள் எரிக்கும் ஆற்றலில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளியேறுகிறது. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு சுமார் ஒரு கிலோகலோரி என்பது பொதுக் கணக்கு. 70 கிலோ எடையுள்ளவர் நான்கு மணி நேரத்தில் மாரத்தான் முடித்தால் மணிக்கு ஏறத்தாழ 570 கிலோகலோரி வெப்பம் உண்டாகும். அது வெளியேறாமல் உள்ளேயே தங்கினால், ஆறு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடல் சூடேறும். அப்படி நடக்காமல் காப்பது முக்கியமாக வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரியை எடுத்துக்கொண்டு போகும்.

ஆவியானால் என்பதுதான் நிபந்தனை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை, தண்ணீரை மட்டும் பறிக்கிறது. அதே நேரத்தில் சூட்டை வெளியே தள்ள ரத்தம் தோலுக்குப் போக வேண்டும், ஓடுவதற்குத் தசைக்கும் போக வேண்டும். தண்ணீர் குறைந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு இரண்டு வேலையையும் இதயம் செய்யப் பார்க்கிறது. துடிப்பு ஏறிக்கொண்டே போகும், பேஸ் மட்டும் குறையும். கைக்கடிகாரத்தில் 150 என்று இருந்த துடிப்பு அதே வேகத்தில் 165 என்று காட்டத் தொடங்கினால், அன்றைக்குப் போட்ட திட்டம் அங்கேயே முடிந்தது என்று பொருள்.

இதற்கு ‘நிறையக் குடியுங்கள்’ என்பது பதிலாகாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு உப்புச் சத்தான சோடியம் குறைந்திருந்தது. தேவைக்கு மேல் குடித்தவர்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்கள் அதில் அதிகம். சோடியம் குறைந்தவரும் வெப்பத்தில் விழுந்தவரும் பார்க்க ஒரே மாதிரி தள்ளாடுவார்கள். ஒருவருக்குச் செய்யும் சிகிச்சை மற்றவரைக் கொல்லக்கூடும். மருத்துவக் கூடாரத்தில் உள்வெப்பத்தை அளப்பதும் சந்தேகம் வந்தால் சோடியம் பார்ப்பதும் இதனால்தான்.

எவ்வளவு வேகம் குறையும் என்பதையும் ஆய்வுகள் அளந்திருக்கின்றன. 2001 முதல் 2010 வரை பாரிஸ், லண்டன், பெர்லின், பாஸ்டன், சிகாகோ, நியூயார்க் ஆகிய ஆறு மாரத்தான்களில் ஓடிய சுமார் 18 லட்சம் பேரின் முடிவுகளை வைத்து 2012இல் வந்த ஆய்வில், வேகத்தை அதிகம் தீர்மானித்த வானிலைக் காரணி வெப்பநிலையே. உகந்த வெப்பம் ஓட்டக்காரரின் தரத்தைப் பொறுத்து ஏறத்தாழ 4 முதல் 10 டிகிரி. 2007இல் வந்த இன்னொரு ஆய்வு, வெப்பம் ஏற ஏற எல்லோரும் மெதுவாகிறார்கள், ஆனால் பின்னால் வருகிறவர்கள் அதிக விகிதத்தில் மெதுவாகிறார்கள் என்று காட்டியது. நீண்ட நேரம் வெயிலில் இருப்பதும், கூட்டத்தோடு நெருக்கியடித்து ஓடுவதும் அதற்குக் காரணங்களாக இருக்கலாம்.

பிறகு மாறியவை

சிகாகோவில் மிகப் பெரிய மாற்றம் வண்ணக் குறியீடு. பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என நான்கு நிலைகள். பாதை முழுவதும் கொடிகளாகவும் பலகைகளாகவும் தெரியும். கறுப்பு என்றால் ஓட்டம் நின்றது. தண்ணீர் நிலையங்கள் 15லிருந்து 20 ஆயின. பிந்தைய ஆண்டுகளில் தொடக்க நேரம் 7.30க்கு வந்தது.

2010 அக்டோபர் 10 இதற்கு ஒரு நல்ல சோதனை. அன்றும் வெயில், நடுவில் நிலை சிவப்புக்கு உயர்த்தப்பட்டது. ஓட்டம் நிற்கவில்லை. 36,000க்கும் மேற்பட்டோர் முடித்தார்கள். வெப்பம் 2007 அளவுக்கு ஏறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முழுப் புகழையும் கொடிக்குக் கொடுக்க முடியாது.

மற்ற நகரங்களும் கவனித்தன. 2012 பாஸ்டனில் வெயில் முன்னறிவிப்பு வந்ததும், விரும்புகிறவர்கள் இந்த ஆண்டு விட்டுவிட்டு 2013இல் ஓடலாம் என்று அறிவித்தார்கள். ‘மெதுவாக ஓடுங்கள்’ என்பதைவிட இது எவ்வளவோ மேல்: பணமும் பயிற்சியும் வீணாகிவிடுமே என்ற கவலையைக் கொஞ்சமாவது குறைக்கிறது. அந்த ஆண்டு பாஸ்டன் ஆண்கள் வெற்றி நேரம் 2:12:40. பின்காற்றும் குளிரும் இருந்த முந்தைய ஆண்டில் 2:03:02.

மினசோட்டாவின் ட்வின் சிட்டீஸ் மாரத்தானின் மருத்துவப் பொறுப்பாளர் 2010இல் ஒரு வரம்பை முன்வைத்தார். வெப்பநிலை மட்டும் போதாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் அளவு 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் அளவு 20 சதவீதம், நிழல் வெப்பம் 10 சதவீதம் என்று சேர்த்து எடுக்கும் டபிள்யூ.பி.ஜி.டி. என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். வடக்கே உள்ள, வெப்பத்துக்குப் பழகாத ஊர்களில் தொடங்கும்போதே அது 21 டிகிரியைத் தாண்டினால் மருத்துவ ஏற்பாடு தாங்காது என்றார். 2007 சிகாகோ எண்களைப் போட்டுப் பார்த்தால் காலை 8 மணிக்கே அந்த விளிம்பை எட்டியிருந்தது. 2023 அக்டோபர் 1 அன்று ட்வின் சிட்டீஸ் மாரத்தானே வெப்பத்தால் விடியற்காலையில் ரத்தானது.

எதை மாற்றலாம்

அந்த 21 என்ற எண்ணை அப்படியே எடுத்துச் சென்னையிலோ கொழும்பிலோ பொருத்தினால் ஓட்டமே நடக்காது. ஒவ்வொரு ஊருக்கும் அதன் மக்கள் பழகிய வெப்பத்தை வைத்து, பழைய ஆண்டுகளில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்ற பதிவைப் பார்த்து, தனி வரம்பு வேண்டும். அதற்கு முதலில் அந்தப் பதிவை ஆண்டுதோறும் எழுதி வைக்க வேண்டும். தொடங்கும் நேர அளவோடு, கடைசி ஓட்டக்காரர் பாதையில் இருக்கும்போது இருக்கப்போகும் அளவையும் எச்சரிக்கையில் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஓட்டக்காரர் பக்கத்தில், குளிருக்கு ஒரு பேஸ், வெயிலுக்கு ஒரு பேஸ் என்று இரண்டு திட்டத்தைப் பயிற்சிக் காலத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். எந்தத் திட்டம் என்பதை முந்தைய நாள் மாலை முன்னறிவிப்பைப் பார்த்து முடிவு செய்துவிட வேண்டும். தொடக்கக் கோட்டில் பாட்டும் கூட்டமுமாக நிற்கும்போது யாரும் மெதுவான திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை.

ஒரு சிக்கல் சிகாகோவில் இன்னும் தீரவில்லை. நெரிசலைக் குறைக்க இப்போது ஓட்டக்காரர்களை அணி அணியாகப் பிரித்து விடுகிறார்கள். வேகமானவர்கள் 7.30க்குக் கிளம்புகிறார்கள். மெதுவானவர்களின் அணி ஒரு மணி நேரம் கழித்தே கிளம்புகிறது. 2007இல் அதிகம் அடிபட்டவர்கள் பின்னால் வந்தவர்கள். வெயில் நாளில் மட்டுமாவது வரிசையைத் திருப்பி, ஐந்து மணி நேரக்காரர்களை முதலில் விடலாம் என்றால், வேகமானவர்கள் பின்னாலிருந்து வந்து கூட்டத்தில் மோதுவார்கள். அகலமான சாலையில் இடப்பக்கம் வலப்பக்கம் என்று பிரித்தால் ஓரளவு சமாளிக்கலாம். தண்ணீர் மேசைகளை இரண்டு பக்கமும் போட வேண்டியிருக்கும், தன்னார்வலர்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தேவைப்படுவார்கள்.